ஏரி பச்சையானால் யாரைக் கூப்பிடுவது?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஓர் ஏரியில் ஆண்டுதோறும் பாசி படர்கிறது, மீன்கள் செத்து மிதக்கின்றன. அதைச் சரிசெய்ய ஒரு சிறு குழு கிளம்பியிருக்கிறது. இரண்டு கூட்டம் போட்டார்கள். இரண்டுக்கும் வந்தவர்கள் அதே பதினைந்து பேர். அதிகாரிகள் கேட்டுக்கொண்டு போனார்கள், விவசாயிகள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. இப்படிப்பட்ட சிக்கலில் யாரெல்லாம் சம்பந்தப்பட்டவர்கள் என்று எப்படிக் கண்டுபிடிப்பது, அவர்களை எப்படி உள்ளே கொண்டுவருவது என்று கேட்கிறார்கள்.

முதலில் ஒரு சொல்லைப் பற்றி. ஸ்டேக்ஹோல்டர், அதாவது ஒரு விஷயத்தில் சம்பந்தப்பட்டவர், என்பதைப் 'பங்குதாரர்' என்றுதான் பலரும் எழுதுகிறோம். அதைக் கேட்டதும் கம்பெனியில் பங்கு வைத்திருப்பவர்தான் நினைவுக்கு வருகிறார். சுற்றுச்சூழல் பிரச்சினையில் லாபத்தில் பங்கே இல்லாமல் நஷ்டத்தில் மட்டும் பங்குள்ளவர்கள் ஏராளம். அதனால் நான் 'தரப்பினர்' என்று எழுதுகிறேன்.

பொதுவாக எல்லோரும் செய்வது இதுதான்: பிரச்சினை இன்னது என்று முதலில் முடிவு செய்துகொள்கிறார்கள், பிறகு அதற்குத் தரப்பினர் பட்டியல் போடுகிறார்கள். நீங்களும் அப்படித்தான் தொடங்கியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். ஆனால் பிரச்சினையை எந்த வார்த்தைகளில் சொல்கிறீர்களோ, அந்த வார்த்தைகளே பாதிப் பட்டியலை எழுதிவிடுகின்றன. 'ஏரியில் பாசி' என்றால் ஏரிக்கரையில் வசிப்பவர்களும் மீன்வளத் துறையும் வருவார்கள். 'ஏரிக்குள் உரச்சத்து வந்து சேர்கிறது' என்றால் எங்கோ மேட்டில் இருக்கும் வயல்கள் வந்துவிடும். 'கழிவுநீர் சுத்திகரிப்பு போதவில்லை' என்றால் நகராட்சியும் வரி கட்டும் குடும்பங்களும் வந்துவிடும். மூன்றுமே ஒரே ஏரிதான். திட்டமிடல் துறை அறிஞர்களான ஹார்ஸ்ட் ரிட்டலும் மெல்வின் வெப்பரும் 1973இல் இத்தகைய பிரச்சினைகளைத் தனி வகையாகப் பிரித்துக் காட்டினார்கள். இவற்றுக்கு எல்லோரும் ஒப்புக்கொள்ளும் ஒரே வரையறை கிடையாது. இதோடு தீர்ந்தது என்று சொல்ல ஒரு முற்றுப்புள்ளியும் இல்லை. விடை சரியா தவறா என்றும் பார்க்க முடியாது, முன்பைவிடப் பரவாயில்லையா என்றுதான் பார்க்க முடியும். கணக்குப் புதிரை நிபுணரிடம் கொடுத்துத் தீர்ப்பது போல இதைத் தீர்க்க முடியாததற்குக் காரணம் இதுவே.

வட அமெரிக்காவின் ஈரி ஏரி இதற்கு நல்ல உதாரணம். 1960களில் அந்த ஏரி செத்துவிட்டது என்றே பத்திரிகைகள் எழுதின. சலவைத்தூளிலும் நகரக் கழிவுநீரிலும் இருந்து வந்த பாஸ்பரஸ்தான் பாசிக்கு முக்கியத் தீனி என்று கண்டுபிடித்தார்கள். 1972இல் அமெரிக்காவும் கனடாவும் ஈரி உள்ளிட்ட பேரேரிகளின் நீர்த்தரத்துக்காக ஓர் ஒப்பந்தம் போட்டன. சலவைத்தூளில் பாஸ்பரஸ் கலந்த பாஸ்பேட்டைக் குறைத்தார்கள், சுத்திகரிப்பு நிலையங்களை மேம்படுத்தினார்கள், ஏரி தேறியது. அந்தக் கட்டத்தில் தரப்பினர் யார்? சோப்புக் கம்பெனிகள், நகராட்சிகள், இரண்டு அரசாங்கங்கள். எண்ணி அழைத்துவிடலாம். ஆனால் 1990களின் நடுவிலிருந்து பாசி திரும்பி வந்தது. இந்த முறை முக்கியக் காரணம், ஏரியில் வந்து கலக்கும் மௌமீ ஆற்றுப் படுகையின் வயல்களிலிருந்து தண்ணீரில் கரைந்து வரும் பாஸ்பரஸ். ஆகஸ்ட் 2014 தொடக்கத்தில், அந்த ஏரியிலிருந்து குடிநீர் எடுக்கும் டொலிடோ நகரம், குழாய்த் தண்ணீரைக் குடிக்காதீர்கள், கொதிக்க வைத்தும் குடிக்காதீர்கள் என்று சுமார் 4 லட்சம் பேருக்கு அறிவிக்க வேண்டியதாயிற்று. நீலப்பச்சைப் பாசியின் நச்சு கொதித்தால் போகாது, தண்ணீர் வற்ற வற்றச் செறிவுதான் கூடும். ஏரியும் அதே, சிக்கலும் அதே. தரப்பினர் மட்டும் விரல்விட்டு எண்ணக்கூடிய கம்பெனிகளிலிருந்து பல்லாயிரம் பண்ணைகளாக மாறிவிட்டார்கள். பழைய பட்டியலை வைத்துக்கொண்டு கூட்டம் போட்டிருந்தால் சம்பந்தமில்லாதவர்கள்தான் வந்து உட்கார்ந்திருப்பார்கள்.

சரி, பட்டியலை எங்கிருந்து தொடங்குவது? பொருளின் பின்னால் நடங்கள் என்பேன். உங்கள் ஏரியில் பாஸ்பரஸ்தான் சிக்கல் என்றால், அது எங்கே மூட்டையாக இறங்குகிறது, யார் கையில் மாறுகிறது, எந்த வாய்க்காலில் கலக்கிறது, எங்கே படிகிறது என்று வரைபடத்திலும் காலாலும் தொடர்ந்து போங்கள். ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு முடிவு இருக்கிறது. அந்த முடிவை எடுப்பவர் ஒருவர் இருக்கிறார். 'விவசாயிகள்' என்று ஒரு பெட்டியில் போட்டிருந்தது அப்போது தானாகப் பிரியும். நிலத்துக்குச் சொந்தக்காரர் ஒருவர், குத்தகைக்கு எடுத்து உழுபவர் இன்னொருவர், இன்ன அளவு உரம் போடுங்கள் என்று சொல்பவர் மூன்றாமவர், அதாவது உரம் விற்பவர். ஒரே ஆண்டுக் குத்தகையில் இருப்பவரிடம் வாய்க்கால் ஓரம் மரம் நடுங்கள் என்று கேட்டால் அவரால் எப்படி முடியும்? கேள்வி போக வேண்டியது நில உரிமையாளரிடம். ஈரி ஏரியின் மேற்குப் படுகையில் 2014இல் தொடங்கிய ஒரு தரச்சான்றுத் திட்டம், உரம் விற்பவர்களையும் அதை வயலில் இட்டுத் தருபவர்களையும் குறிவைத்தே அமைக்கப்பட்டது. எந்த உரம், எவ்வளவு, எப்போது, எங்கே என்பதில் பெரும்பாலும் அவர்கள் பேச்சுதான் எடுபடுகிறது என்பதைப் புரிந்துகொண்ட ஏற்பாடு அது. வழக்கமான பொதுக்கூட்டப் பட்டியலில் உரக்கடைக்காரர் பெயரை நான் அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன்.

இப்படி நடந்து போகும்போது சந்திக்கும் ஒவ்வொருவரிடமும் இரண்டு கேள்வி கேளுங்கள். இந்த விஷயத்தில் வேறு யாரிடம் பேச வேண்டும்? உங்களோடு ஒத்துப்போகாதவர் யார்? இரண்டாவது கேள்விதான் முக்கியம். முதல் கேள்வியை மட்டும் கேட்டால் ஒரே வட்டத்துக்குள் சுற்றிக்கொண்டிருப்பீர்கள், எல்லோரும் தங்கள் நண்பர்களைத்தான் கைகாட்டுவார்கள். புதிய பெயர்கள் வருவது நின்று, புதிய வாதங்கள் வருவதும் நின்றால், இப்போதைக்குப் போதும் என்று வைத்துக்கொள்ளலாம். பெயர்கள் நின்றாலும் வாதங்கள் வந்துகொண்டிருந்தால் எங்கோ ஒரு கதவை நீங்கள் இன்னும் தட்டவில்லை.

அப்புறம், பிரச்சினையால் பாதிக்கப்படுபவர்களை எல்லோரும் பட்டியலில் சேர்த்துவிடுகிறார்கள். தீர்வால் பாதிக்கப்படப் போகிறவர்களைத்தான் மறக்கிறார்கள். ஏரியில் மீன்பிடிக்கத் தற்காலிகத் தடை, கரையில் ஆக்கிரமிப்பு அகற்றல், குடிநீர்க் கட்டண உயர்வு என எதுவாக இருந்தாலும் அதன் சுமை யார் தலையில் இறங்கும் என்று இன்றே யோசியுங்கள். அவர்கள் பிற்பாடு எதிர்த்தால் அதை 'எதிர்ப்பு' என்று எழுதுவோம். முதலிலேயே கேட்டிருந்தால் அது தகவலாக இருந்திருக்கும்.

தரப்பினரை வகைப்படுத்த ஒரு கட்டம் பிரபலம். ஒரு பக்கம் அதிகாரம், இன்னொரு பக்கம் அக்கறை, நான்கு அறை. அதிகாரமும் அக்கறையும் அதிகம் உள்ளவரை நெருக்கமாகக் கவனி, அக்கறை மட்டும் உள்ளவருக்குத் தகவல் மட்டும் சொல் என்று அது சொல்லித்தரும். நிறுவன நிர்வாகத்துக்காகப் பிறந்த கருவி இது. சுற்றுச்சூழல் விஷயத்தில் இதை அப்படியே பயன்படுத்துவதை நான் ஏற்கவில்லை. அன்றாடம் அந்தத் தண்ணீரில் நிற்பவர், அதிகாரம் இல்லாத ஒரே காரணத்தால், 'தகவல் மட்டும் சொல்' அறைக்குள் போய்விடுகிறார். மிட்செல், ஏகிள், வுட் ஆகிய மூன்று மேலாண்மை ஆய்வாளர்களும் 1997இல் அதிகாரத்தோடு நியாயம், அவசரம் என்ற இரண்டையும் சேர்த்துப் பார்த்தார்கள். அது கொஞ்சம் தேவலை. நான் இன்னொன்றும் சேர்ப்பேன்: வேறு யாருக்கும் தெரியாத எதையாவது இவர் அறிந்திருக்கிறாரா?

இதைக் கேட்காமல் விட்டதற்குக் கனடாவின் கிழக்குக் கரையிலுள்ள நியூஃபவுண்ட்லாந்து கொடுத்த விலை பெரியது. 1980களில் கரையோரத்தில் சிறு படகில் மீன்பிடித்தவர்கள், காட் மீன் குறைகிறது, சிறுத்தும் வருகிறது என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். அரசின் மதிப்பீடோ ஆழ்கடல் இழுவைக் கப்பல்களின் பிடிப்பு அளவையும் பெரிதாக நம்பியிருந்தது. மீன் கூட்டம் ஒடுங்கி மிச்சமிருந்த இடங்களைத் தேடிப்பிடித்து வலை போடும் கப்பலுக்குக் கடைசிவரை நல்ல பிடிப்புதான் கிடைக்கும். ஜூலை 1992இல் கனடா அரசு அந்த மீன்பிடிப்பையே நிறுத்தியது. சுமார் 30,000 பேர் வேலை இழந்தார்கள். கரையோர மீனவர்களும் தரப்பினர் பட்டியலில் இருந்தவர்கள்தான். அவர்கள் சொன்னது கணக்கில் ஏறவில்லை, அவ்வளவே. ஒருவரை அழைப்பது வேறு, அவர் சொல்வதைச் சான்றாக எடுத்துக்கொள்வது வேறு.

பேச வர முடியாதவர்களும் இருக்கிறார்கள். இன்னும் பிறக்காதவர்கள், மீன், பறவை, ஏரியே. நியூசிலாந்து 2017இல் வாங்கனுயி ஆற்றைச் சட்டப்படி ஒரு நபராக ஏற்று, அதன் சார்பாகப் பேச இருவரை வைத்தது. ஒருவரை அரசும் இன்னொருவரை ஆற்றோரப் பழங்குடிகளும் தேர்ந்தெடுக்கிறார்கள். வேல்ஸ் 2015இல் சட்டம் இயற்றி எதிர்காலத் தலைமுறைகளுக்காகவே ஓர் ஆணையரை நியமித்தது. உங்கள் குழுவுக்குச் சட்டம் எதுவும் தேவையில்லை. ஒவ்வொரு கூட்டத்திலும் ஒருவர் 'நாற்பது ஆண்டுகள் கழித்து இந்தக் கரையில் நிற்பவர்' சார்பாக மட்டும் பேச வேண்டும் என்று வைத்துக்கொண்டால் போதும், பேச்சு எப்படி மாறுகிறது என்று நீங்களே பார்ப்பீர்கள்.

இப்போது, விவசாயிகள் ஏன் வரவில்லை? அக்கறை இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். அறுவடைக் காலத்தில் கூட்டம் வைத்திருக்கலாம். கூலி வேலை செய்பவருக்கு ஒரு மாலை என்பது ஒரு நாள் வருமானமாக இருக்கலாம். கைக்குழந்தையை விட்டுவிட்டு வர முடியாத பெண்கள் இருக்கலாம். இவையெல்லாம் நேரத்தையும் இடத்தையும் மாற்றி, பயணச் செலவைக் கொடுத்து, குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் வைத்துத் தீர்க்கக்கூடியவை. தீர்க்கக் கடினமானது வேறொன்று: குற்றவாளிக் கூண்டுக்குத்தான் கூப்பிடுகிறார்கள் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. ஈரி ஏரிப் படுகை விவசாயிகளையே பாருங்கள். மண் அரிப்பைத் தடுக்க உழாமல் விதையுங்கள் என்று அவர்களுக்குப் பல ஆண்டுகள் சொல்லிக்கொடுத்தார்கள். அவர்களும் செய்தார்கள். உழாததால் உரம் மேல்மண்ணிலேயே தங்கி மழையில் கரைந்து போவது, பாசி திரும்பியதற்குக் காரணங்களில் ஒன்றாகக் கருதப்படுகிறது. சொன்னதைச் செய்ததற்கே பழி வந்தால் எந்த மனிதர் கூட்டத்துக்கு வருவார்?

நிபுணர்களும் இதில் சறுக்கியிருக்கிறார்கள். 1986இல் செர்னோபில் அணு உலை விபத்துக்குப் பிறகு இங்கிலாந்தின் கம்பிரியா மலைப்பகுதியில் ஆடுகளை விற்கவும் வெட்டவும் தடை வந்தது. மூன்று வாரத்தில் சரியாகிவிடும் என்றார்கள். விபத்திலிருந்து காற்றோடு வந்து படிந்த சீசியம் என்ற கதிரியக்கப் பொருளைக் களிமண் பிடித்துவைத்துக்கொள்ளும் என்பது அவர்கள் கணக்கு. மலை மேலே இருந்தது அமிலத்தன்மையுள்ள கரிச்சேற்று மண். சீசியம் புல்லுக்கும் ஆட்டுக்குமாகச் சுற்றிக்கொண்டே இருந்தது. சில பண்ணைகளுக்குத் தடை முழுதாக நீங்க 2012 ஆகிவிட்டது. அந்த மேய்ச்சல் நிலத்தைத் தலைமுறையாக அறிந்தவர்களிடம் முன்கூட்டியே கேட்கவில்லை. பிரையன் வின் என்ற சமூகவியலாளர் அந்த விவசாயிகளிடம் நேரில் பேசி இதை விரிவாகப் பதிவு செய்திருக்கிறார். அதைப் படித்தபோது எனக்குத் தைத்தது இதுதான்: கணிப்பு தவறியதைவிட, எங்களுக்கு நிச்சயம் தெரியும் என்று பேசிய தோரணையே அவர்கள் நம்பிக்கையை உடைத்தது.

அதனால் பொதுக்கூட்டத்தை இப்போதைக்குத் தள்ளிவையுங்கள். நீங்கள் போங்கள். அவர்கள் ஏற்கெனவே கூடும் இடத்துக்கு, அவர்களுக்குத் தோதான நேரத்தில், இரண்டு மூன்று பேராக. முதல் சந்திப்பில் எதையும் கேட்டு வாங்காதீர்கள், உங்கள் திட்டத்தையும் விரிக்காதீர்கள். இந்த ஏரியைப் பற்றி அவர்களுக்கு என்ன தெரியும், இதற்கு முன் யார் வந்து என்ன வாக்குக் கொடுத்தார்கள், அது என்ன ஆயிற்று என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்கு வரும் பதில்தான் நீங்கள் எந்த இடத்திலிருந்து தொடங்குகிறீர்கள் என்பதைச் சொல்லும்.

நியூயார்க் நகரம் கேட்ஸ்கில் மலைப்பகுதி விவசாயிகளோடு நடத்திய பேச்சை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். நகரத்தின் குடிநீரில் பெரும்பகுதி அந்தப் பக்கத்து நீர்த்தேக்கங்களிலிருந்து வடிகட்டாமலே வருகிறது. வடிகட்டும் நிலையம் கட்ட 600 கோடி டாலருக்கு மேல் ஆகும் என்று கணக்கிட்டார்கள். அது வேண்டாம் என்றால் நீர்ப்பிடிப்புப் பகுதி சுத்தமாக இருக்க வேண்டும். 1990இல் நகரம் தன் பாணியில் கடுமையான விதிகளின் வரைவை வெளியிட்டது, மலைப்பகுதி கொதித்தெழுந்தது. அதற்கு ஒரு பழைய காயம் இருந்தது. 20ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் அதே நகரம் நீர்த்தேக்கம் கட்டுவதற்காக அங்கே ஊர்களை எடுத்துக்கொண்டு மக்களை வெளியேற்றியிருந்தது. தாத்தா காலத்தில் வீடு போன குடும்பத்திடம் பேரன் காலத்தில் வந்து, ஓடைக்கரையில் மாடு கட்டாதே என்றால் என்ன நடக்கும்?

நகரம் வரைவை ஓரமாக வைத்துவிட்டு உட்கார்ந்து பேசியது. கடைசியில் உருவானது வேறு ஏற்பாடு. ஒவ்வொரு பண்ணைக்கும் அதன் நிலத்துக்கும் தொழிலுக்கும் ஏற்றபடி தனித் திட்டம், செலவு நகரத்துடையது, நடத்துவது விவசாயிகள் முன்னிற்கும் ஒரு மன்றம். சேர்வது அவரவர் விருப்பம். ஆனால் 5 ஆண்டுகளுக்குள் 85 சதவீதம் பேர் சேர்ந்தாக வேண்டும் என்பது நிபந்தனை. தனி ஆளைக் கட்டாயப்படுத்தாமல் மொத்தச் சமூகத்தைப் பொறுப்பாக்கிய அந்த நிபந்தனை எனக்கு மிகவும் பிடிக்கும். இலக்கையும் எட்டினார்கள். 1997இல் நகரம், மாநிலம், மத்திய சுற்றுச்சூழல் அமைப்பு, மலை ஊர்கள், சூழல் அமைப்புகள் எல்லாம் கையெழுத்திட்ட பெரிய ஒப்பந்தம் வந்தபோது, விற்க விரும்புபவரிடம் மட்டுமே நகரம் நிலம் வாங்கும் என்று எழுதிக்கொடுத்தார்கள். பழைய காயத்துக்கு நேரடியாகப் போட்ட மருந்து அது. வெறும் மன்னிப்புக் கேட்டிருந்தால் அது போதாது.

அடுத்தது நேர்மை. கூட்டத்துக்கு வருபவரிடம் எது முடிவாகிவிட்டது, எது இன்னும் திறந்திருக்கிறது, கடைசி முடிவு யார் கையில் என்பதை அழைப்பிலேயே எழுதிவிடுங்கள். ஷெர்ரி ஆர்ன்ஸ்டைன் 1969இல் மக்கள் பங்கேற்பை எட்டுப் படியுள்ள ஏணியாக வரைந்தார். கருத்துக் கேட்பு கீழிருந்து நான்காவது படிதான். கேட்பார்கள், ஆனால் கேட்டபடி எதுவும் மாறும் என்ற உறுதி இல்லை. நான்காவது படியில் நிற்பது தவறில்லை. அதில் நின்றுகொண்டு, நாம் எல்லோரும் சேர்ந்து முடிவெடுக்கிறோம் என்று சொல்வதுதான் தவறு. சுற்றுச்சூழல் முடிவுகளில் மக்கள் பங்கேற்பு பற்றிய 1998ஆம் ஆண்டின் ஆர்ஹுஸ் உடன்படிக்கை இதைச் சட்டமாகவே சொல்கிறது: எல்லா வழிகளும் திறந்திருக்கும்போதே, தொடக்கத்திலேயே மக்களைக் கேட்க வேண்டும். ஆஸ்திரேலியாவில் மர்ரே-டார்லிங் ஆற்றுப் படுகைக்கு எவ்வளவு பாசன நீரைக் குறைக்க வேண்டும் என்ற முன்வரைவு 2010 அக்டோபரில் வந்தபோது, கிரிஃபித் என்ற ஊரில் அதன் பிரதிகளைப் போட்டு எரித்தார்கள். ஆற்றுக்குத் தண்ணீர் தேவை என்பது உண்மை. ஆனால் பாசனத்தை நம்பிய ஊர்களின் கண்ணில் பட்டது, மேலிருந்து இறங்கி வந்த ஓர் எண்தான். திட்டம் சட்டமாக 2012 நவம்பர் ஆனது, எண்ணும் குறைந்தது, சச்சரவு அதற்குப் பிறகும் ஓயவில்லை.

அதிகாரம் உள்ள தரப்பைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பெரிய ஆலைக்காரரையும் அன்றாடங்காய்ச்சியையும் ஒரே மேஜையில் உட்கார வைப்பதே சமத்துவம் ஆகாது. ஒருவர் வக்கீலோடும் புள்ளிவிவரங்களோடும் வருவார், இன்னொருவர் வேலையை விட்டுவிட்டு வருவார். முதலில் பலவீனமான தரப்பினரைத் தனியாகச் சந்தித்து, அவர்கள் தங்களுக்குள் பேசித் தெளிய நேரம் கொடுங்கள். ஆய்வு அறிக்கை இருந்தால் அதைப் புரியும் மொழியில் விளக்க, அவர்களே நம்பும் ஒருவரை ஏற்பாடு செய்யுங்கள். பிறகு பொது மேஜை. பிரதிநிதிகள் விஷயத்திலும் கவனம் தேவை. சங்கத் தலைவர் வந்துவிட்டால் சங்கமே வந்துவிட்டதாக அர்த்தமில்லை. இங்கே பேசியதை அவர் திரும்பிப் போய் யாரிடம் சொல்கிறார் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

அளவுகளில் தகராறு வரும், நிச்சயம் வரும். 'உங்கள் ஆய்வு', 'எங்கள் ஆய்வு' என்று இரண்டாக ஆரம்பித்தால் ஆண்டுக்கணக்கில் இழுக்கும். எங்கே, எப்போது, யார் தண்ணீர் எடுப்பது, எந்த ஆய்வகம் என்பதை எல்லாத் தரப்பும் சேர்ந்து முதலிலேயே முடிவு செய்யுங்கள். விவசாயி ஒருவர் தன் வாய்க்கால் தண்ணீரைத் தானே சீசாவில் பிடித்துக் கொடுத்தால், வரும் எண்ணை அவர் எளிதில் தள்ளிவிட மாட்டார். இன்னொரு உண்மையையும் மறைக்காதீர்கள். ஏரியின் அடிச்சேற்றில் ஏற்கெனவே படிந்த பாஸ்பரஸ் மெல்லக் கசிந்துகொண்டே இருக்கும். உள்ளே வருவதை இன்றே நிறுத்தினாலும் சில ஏரிகள் தெளியப் பல ஆண்டுகள் ஆகின்றன. இதைச் சொல்லாமல் எல்லோரையும் உழைக்க வைத்து, மூன்றாம் ஆண்டும் ஏரி பச்சையாக இருந்தால், நான்காம் ஆண்டு உங்களிடம் ஒருவரும் இருக்க மாட்டார்கள்.

அந்த நீண்ட காலத்துக்கு ஆட்களைத் தக்கவைக்க எனக்குத் தெரிந்த மிகச் சிறந்த வழி, ஒவ்வொரு சந்திப்புக்குப் பின்னும் இரண்டு வாரத்துக்குள் ஒரு பக்கத்தில் திருப்பிச் சொல்வது. நீங்கள் சொன்னது இது, அதனால் மாற்றியது இது, மாற்றாமல் விட்டது இது, விட்ட காரணம் இது. வந்தவர்களுக்கும் வராதவர்களுக்கும் அனுப்புங்கள். பட்டியலையும் அதே காகிதத்தின் அடியில் போட்டு, இதில் விடுபட்டவர் யார் என்று கேளுங்கள். அந்தப் பதினைந்து பேரிடம் இப்போதே இருக்கும் பட்டியலோடு இந்த வாரமே அதைத் தொடங்கலாம். உரக்கடைக்காரர் பெயரை நீங்களே எழுதிவிடுங்கள்.